ஒரு செவ்வரத்தையை இடம் மாற்றிய ஐப்பசி

பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரம் சின்னதாக ஒரு நாற்றுமேடை வைத்திருக்கிறேன். கன்று விற்பதுதான் பிழைப்பு, ஆட்கள் கூப்பிட்டால் வீட்டு வளவுகளுக்குப் போய், கொப்புகளை அளவாக வெட்டிவிடுகிற கவ்வாத்தும் பண்ணிக் கொடுப்பேன். வேரோடி நிற்கிற பெரிய செடியைக் கிளப்பி வேறிடத்தில் வைக்கச் சொன்னால் மட்டும் உடனே ஓம் சொல்வதில்லை.

விசுவமடுப் பக்கம் ஒரு அம்மா கூப்பிட்டது ஆவணியில். ஏழெட்டு அடி உயரமான ஒற்றைச் செவ்வரத்தை (செம்பருத்தி), அடித்தண்டு என் மணிக்கட்டு மொத்தம். சண்டை முடிந்து 2010இல் அவர்கள் ஊர் திரும்பி வந்தபோது வளவில் வீடு இல்லை, கிணறும் இந்தச் செடியும்தான் மிஞ்சி நின்றதாம். அன்றிலிருந்து காலையில் பிள்ளையாருக்கு வைக்கிற பூ இதிலிருந்துதான். இப்போது மகனுக்கு ஒரு அறை கூட்டிக் கட்ட வேண்டும், அத்திவாரக் கோடு நேரே செடிக்குள்ளால் போகிறது. மேசன், பிடுங்கிப்போட்டு வேறொன்று நடச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மனம் வரவில்லை.

ஐப்பசி வரைக்கும் பொறுங்கோ என்றேன். சோளகம் என்கிற காய்ந்த தென்மேல் காற்று அடிக்கிற காலத்தில் வன்னியில் செடி கிளப்புவது அதைக் கொல்லுகிற மாதிரித்தான். எங்களுடைய செங்கபில மண் காய்ந்தால் அலவாங்கே தெறிக்கும், அந்த மண்ணில் அறுந்த வேர் திரும்பப் பிடிக்காது. மழை விழுந்து மண் இளகவேண்டும். ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. புரட்டாதித் தொடக்கத்திலேயே போய், தண்டிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி, சுற்றுவட்டத்தில் பாதிக்கு மட்டும் கிடங்கு வெட்டி, குறுக்கே வந்த வேர்களைக் கூரான கத்தியால் அறுத்து, மக்கிய எருவும் மண்ணும் கலந்து மூடிவிட்டு வந்தேன். ஒன்றரை மாதத்தில் அந்த வெட்டுவாயில் நூல் நூலாகப் புது வேர் வந்துவிடும், கிளப்பும்போது செடிக்கு அதுதான் உயிர். தண்ணி மட்டும் விடாமல் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார்.

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்த பிறகு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். கத்தரியை எடுத்ததும் அம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

“தம்பி, வேரையும் அறுத்துப்போட்டு தலையையும் வெட்டினா, அது என்னத்தைக் கொண்டு சீவிக்கிறது?”

நியாயமான கேள்வி. இதே மாதிரி ஒரு வீட்டில் மூன்று வருசத்துக்கு முதல் நான் விட்டுக்கொடுத்தேன். நந்தியாவட்டை, நிறையப் பூத்து நின்றது, கொப்பில் கை வைக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார், சரி என்று அப்படியே தூக்கி வைத்தேன். இருக்கிற கொஞ்ச வேர் எவ்வளவு தண்ணியை இழுக்கும்? அத்தனை இலையும் வெயிலுக்கும் காற்றுக்கும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்க, பத்தாம் நாள் செடி நின்றபடியே காய்ந்துபோனது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அது என் பிழை, தொழில் தெரிந்தவன் நான்தானே.

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “அப்ப வெட்டுங்கோ, நான் உள்ள போறன்” என்றார்.

பாதிக்கு மேல் இறக்கினேன். முதலில் பட்ட கொப்புகள், பிறகு ஒன்றோடொன்று உரசுகிறவை, மிச்சத்தை வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சரிவாக. செவ்வரத்தை புதுத் துளிரில்தான் பூக்கும், அதனால் இப்படி வெட்டினால் பூவுக்கு நட்டமில்லை, கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். கிழக்கே பார்த்த கொப்பில் ஒரு சீலைத்துண்டு கட்டினேன், புது இடத்திலும் அந்தப் பக்கம் கிழக்கே இருக்கவேண்டும் என்பதற்காக.

மீதிப் பாதியையும் வெட்டி அடிமண்ணை அறுத்தபோது, வேர்ப்பந்துக்குள் ஒரு கூரை ஓட்டுத்துண்டு தெரிந்தது. பழைய வீட்டினுடையது. கைவிரல் மொத்த வேரொன்று அதைச் சுற்றி வளைந்து, ஓட்டின் விளிம்புக்கு ஏற்றபடி தட்டையாகிப்போய் இருந்தது. இழுத்தால் வேர் கிழியும். அதையும் சேர்த்தே சாக்கால் சுற்றிக் கட்டி, பழைய தகரம் ஒன்றில் ஏற்றி, நாலு பேருமாக கிணற்றடிப் பக்கம் முப்பதடி இழுத்தோம். முன்பு நின்ற அதே ஆழத்தில் வைத்து, மண்ணைப் பாதி போட்டுத் தண்ணி விட்டு, சேறு இறங்கியபின் மிச்சத்தை மூடி, மேற்கே ஒரு கிடுகு மறைப்புக் கட்டினேன். உரம் போடவில்லை, துளிர் வரும்வரை போடவும் கூடாது.

இரண்டாம் கிழமை இருந்த இலையும் மஞ்சளாகிக் கொட்டியது. அம்மா போனில் அழுதார். போய் நகத்தால் தண்டுப் பட்டையைக் கீறிக் காட்டினேன், உள்ளே ஈரப்பச்சை. இருபத்தைந்தாம் நாள் கணுக்களில் அரிசிமணி அளவில் துளிர் வந்தது. மாசியில் முதல் பூ.

வெட்டிப்போட்ட கொப்புகளை நான் எரிக்கத்தான் ஒதுக்கி வைத்திருந்தேன். அம்மா அவற்றை ஒரு சாண் ஒரு சாணாக நறுக்கி வேலியோரம் ஊன்றியிருக்கிறார், இப்போது ஒன்பது நிற்கிறது. புது அறையின் யன்னலுக்கு நேரே நிற்கிறதை மட்டும் நான் கவ்வாத்துப் பண்ணக்கூடாதாம், அதைத் தானே பார்த்துக்கொள்வாராம். வருகிற ஐப்பசிக்கு ஒரு நல்ல கத்தரி வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார்.