மூன்றாம் மாடி நாட்குறிப்பு

ஜூன் 10, 2024

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. இனி காலையில் பாப்பாவை விட்டுவிட்டு வந்தால் சாயங்காலம் வரை நானும் தையல் மிஷினும்தான். உடற்பயிற்சி ஆரம்பிக்கப் போகிறேன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11

கீழ்வீட்டை விட்டு இங்கே ஏறி வந்ததில் வாடகையில் மாதம் 2,000 மிச்சம். அது நல்ல முடிவு, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மோட்டார் தண்ணீர் மேலே ஏறாத நாளில் குடத்தோடு படி ஏறும்போது நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்கிறது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றால் அந்த வீட்டு அக்கா கதவைத் திறந்து "என்னம்மா, முடியலையா? குடத்தக் குடு" என்கிறார். அன்பாகத்தான் கேட்கிறார், அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. அம்மாவுக்கும் முதலில் படிதான் முடியாமல் போனது. அப்புறம்தான் கால்.

ஜூன் 13

6.1.

ஜூன் 14

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரைக்கு முந்தின நிலையாம், 6.5 தொட்டால் சர்க்கரை. நர்ஸம்மா சீட்டைத் திருப்பிக் காட்டிச் சொன்னார். "இப்பப் புடிச்சா நிறுத்திரலாம், மாத்திரை வேணாம், தினமும் நடங்க." எவ்வளவு தூரம், எந்தச் செருப்பில், எந்த நேரத்தில், துணைக்கு யார், எதுவும் சொல்ல அவருக்கு நேரமில்லை. பின்னால் வரிசை நின்றது. ராத்திரி முழுக்க, சர்க்கரை இருந்த அம்மாவின் கட்டைவிரல்தான் கண்ணுக்குள். கோயிலுக்கு வெறுங்காலோடு போனது, கொப்புளம் வந்தது தெரியாமலே இருந்தது. எழுந்து லைட்டைப் போட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஜூன் 15

அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 வந்துவிட்டது. லேடீஸ் ஜிம் ஒன்றில் விசாரித்தேன். சேர 1,000, மாதம் 1,200. கவுண்டரில் இருந்த பெண் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "உங்களுக்கு பெர்சனல் டிரெய்னிங்தான் மேம் சரியா வரும், அது தனியா 4,000" என்றாள். நான் வேர்த்துப் போய் நிற்பதைப் பார்த்து உட்காரச் சொல்லவில்லை, நாற்காலியும் கைப்பிடி வைத்த குறுகல் நாற்காலிதான். ஒரு பிளவுசுக்கு எனக்குக் கிடைக்கும் கூலியை வைத்து 4,000-க்கு எத்தனை பிளவுஸ் என்று கணக்குப் போட்டபடியே பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். குண்டாக இருப்பதற்குத் தனி ரேட் போடுவார்களா? கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஜூன் 17

பக்ரீத் விடுமுறை. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போனேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, குளத்தைச் சுற்றி நடப்பதற்கும் யாரும் காசு கேட்பதில்லை. ஒரு பக்கச் சுவரே ஏறக்குறைய 300 மீட்டர். அப்படியென்றால் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல். திருமலை நாயக்கர் வெட்டிய குளம் எனக்கு இப்படி உதவும் என்று நினைத்ததில்லை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேன்வாஸ் ஷூ போட்டு நடக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! சிலர் என்னைவிடவும் பெரிய உடம்பு. அவர்கள் பேசிக்கொண்டே போகிறார்கள். பாப்பா மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். ஒரு சுற்று முடித்து, சுவர் ஓரத்தில் உட்கார்ந்து, சந்தோஷமாக இருந்தேன். சந்தோஷம் என்றே எழுதுகிறேன்.

ஜூன் 18

தொடை இரண்டும் எரிகிறது. நடக்க முடியவில்லை, மிஷினில் உட்காரவும் முடியவில்லை.

ஜூன் 19

இதை யாரும் சொல்வதில்லை. நட, நட என்கிறார்கள், தொடை உரசித் தோல் உரிவதைப் பற்றி ஒரு டாக்டர், ஒரு வீடியோ வாய் திறக்கவில்லை. என்னை மாதிரி உடம்பு உள்ளவள் முதல் நாள் நடந்துவிட்டு அடுத்த வாரம் வராமல் போவதற்கு இதுதான் காரணமாக இருக்கும், சோம்பேறித்தனம் இல்லை. பவுடர் போட்டால் வேர்வையில் கட்டிகட்டியாகி இன்னும் அறுக்கிறது. தேங்காய் எண்ணெய் கொஞ்ச நேரம் தாங்கும். வாசலின் சின்ன டப்பா அதைவிடப் பரவாயில்லை.

ஆனால் இடையில் துணி இருந்தால்தான் தீரும். சுடிதார் பேண்ட் காட்டன், அது வேர்வையைக் குடித்து ஈரமாகவே நின்று, ஈரம்தான் அறுக்கிறது. கடையில் சைக்கிளிங் ஷார்ட்ஸ் என்று கேட்டால் டபுள் எக்ஸெல்லோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வேண்டுமானால் ஆன்லைனில், 700 ரூபாய். நான் தையல்காரி. எனக்கு எதற்கு 700?

ஜூன் 22

விளக்குத்தூண் பக்கம் போய்ப் பனியன் துணி கட் பீஸ் எடுத்தேன், லைக்ரா கலந்தது, கிலோ கணக்கு. அரைக் கிலோ 150. கறுப்பு ஒரு துண்டு, மெரூன் ஒரு துண்டு. எலாஸ்டிக் குன்னத்தூர் சத்திரத்துக் கடையில்.

சாதாரண ஷார்ட்ஸில் உள்தொடை வழியாக ஒரு தையல் ஓடும். உரசுவது துணி இல்லை, அந்தத் தையல்தான். அதனால் ஒவ்வொரு காலையும் ஒரே துண்டாக வெட்டி, இணைப்பைத் தொடையின் பின்பக்கம் தள்ளிவிட்டேன். இரண்டு காலும் சேரும் இடத்தில் ஒரு சதுரத் துண்டைச் சாய்சதுரமாகத் திருப்பி வைத்தேன், அப்போதுதான் காலை எட்டி வைத்தால் இழுக்காது. தையலின் பிசிறு உடம்பைத் தொடாமல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி திருப்பித் தைத்தேன், மேலே குர்தா இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள். நீளம் முழங்காலுக்கு நாலு விரல் மேலே. அதைவிடக் குட்டையாக வைத்தால் சுருண்டு ஏறிவிடும். முதலில் ஊசி நூலைத் தாண்டித் தாண்டிப் போனது, மிஷினில் பால் பாயிண்ட் ஊசி, அதாவது முனை உருண்ட ஊசி, மாட்டின பிறகு சரியாக வந்தது.

போட்டுப் பார்த்து வீட்டுக்குள்ளேயே நடந்தேன். உரசவில்லை.

ஜூன் 25

குளத்தைச் சுற்றும்போது ஒரு பெரியவர் கூடவே வேகத்தைக் குறைத்து நடந்து வந்து, "ராத்திரி சோத்த விட்டுரும்மா, தானா எறங்கும்" என்றார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. பதிலே சொல்லாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தேன், அவர் அடுத்த திருப்பத்தில் முன்னால் போய்விட்டார். இதே அறிவுரையை அவர் வயதில், அவர் தொப்பையில் உள்ள இன்னொரு ஆணிடம் சொல்வாரா? மாட்டார்.

ஜூன் 28

குதிகால். காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் எட்டு ஆணியில் வைப்பது மாதிரி இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. பயமாக இருக்கிறது. விரல்களையும் பார்த்தேன், புண் எதுவும் இல்லை.

ஜூலை 1

போகவில்லை.

ஜூலை 3

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அரை நாள் போச்சு, ஒரு பாவாடை டெலிவரி தள்ளிப் போச்சு, ஆனால் அந்தப் பெண் என்னை ஒரு மனுஷியாக உட்கார வைத்துப் பேசினாள். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் பட்டையான நாரில் வீக்கம். காரணம் என் எடை மட்டும் இல்லை, தட்டையான ரப்பர் செருப்பும்தான். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து, உட்கார்ந்துகொண்டு பாதத்துக்கு அடியில் உருட்டச் சொன்னாள். படுக்கையை விட்டு இறங்கும் முன் துண்டை விரல்களில் மாட்டி நம் பக்கம் இழுக்க வேண்டும்.

அப்புறம் முட்டியைப் பற்றிச் சொன்னாள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் முட்டிமேல் விழும் பாரம் நாலு கிலோ குறையுமாம். குதிக்கிற பயிற்சி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிஷம் நடந்தால் போதும், அதைப் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்தும் நடக்கலாம். வேகம் சரியா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதான் கணக்கு" என்றாள். சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் நடந்தால் சர்க்கரை அவ்வளவு ஏறாது, வேலை செய்யும் தசை அதை எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னாள். சாப்பிட்ட பிறகு நடக்க மொட்டை மாடி இருக்கிறதே, எங்கள் வீட்டுக்கு நேர் மேலே!

இத்தனையும் யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ஜூலை 7

பாப்பாவின் அப்பா திருப்பூரிலிருந்து வந்திருக்கிறார். ஃப்ரீசரில் பாட்டிலைப் பார்த்து எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அத்தை மாதிரி ஆயிருமோன்னு பயமா?" என்றார். அழுதுவிட்டேன்.

ஜூலை 9

வீட்டுக்குள் செய்வது: கட்டில் ஓரத்தில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. சுவரில் இரண்டு கையையும் வைத்துச் சாய்ந்து தள்ளுவது. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் சரியாக ஒரு கிலோ, இரண்டு கைக்கு இரண்டு. கட்டிலில் உட்கார்ந்து எழும்போது முட்டி உள்பக்கம் மடங்கப் பார்க்கிறது. அதை வெளியே தள்ளிப் பிடித்தால் தொடையின் மேல்பக்கம் நடுங்குகிறது. நடுங்கட்டும்.

மேல்மாடி, தளம் சுடுகிறது. காலை ஏழுக்கு மேல் வீட்டுக்குள் எதுவும் செய்ய முடியாது.

ஜூலை 13

பாப்பா என்னுடன் சேர்ந்து சுவரைத் தள்ளினாள். "நான் குண்டாகக் கூடாதுன்னா அம்மா?" என்று கேட்டாள். இல்லை, கை பலமாகணும்னு என்றேன். அவளுக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கேள்வி? வகுப்பில் யாராவது என்னைப் பற்றிச் சொல்கிறார்களா? இனி இந்த வீட்டில் யாரும் எடையைப் பற்றிப் பேசக் கூடாது. அவரிடமும் போனில் சொல்லிவிட்டேன்.

ஜூலை 15

உரிமைத் தொகைப் பணம் வந்தது. ஷூ.

பெண்கள் பக்கத்தில் ஏழாம் நம்பர் வரைதான், அதுவும் முன்பக்கம் குறுகல், சுண்டுவிரல் மடங்கிப் போகிறது. கடைப் பையன் தயங்கித் தயங்கி, "அக்கா, ஜென்ட்ஸ்ல பாருங்க, அகலமா வரும்" என்றான். ஆண்கள் ஏழு. கால் உள்ளே போய் விரல்கள் விரிந்து நின்றன. குதிகால் பக்கம் கெட்டியான மெத்தை. சாம்பல் நிறம், 650. சாக்ஸ் 40. மீதி 310 பாப்பாவின் நோட்டு வாங்க.

கடைக்குள்ளேயே மேலும் கீழும் நடந்தேன். அம்மாவுக்கு ஒரு ஷூ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஜூலை 16

கரண்ட் கட்டணம் ஏற்றிவிட்டார்கள். வீட்டு ஓனர் யூனிட்டுக்கு இனி எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை. மிஷினுக்கு மோட்டார் போட்டது தப்பாகப் போய்விடுமோ.

ஜூலை 17

ஆடி பிறந்தாச்சு, காத்து பிடித்துக்கொண்டது. தெற்குக் கரையில் எதிர்க்காற்றில் நடப்பது தனி வேலை, திரும்பி வடக்குக் கரைக்கு வந்தால் உடம்பு லேசாகிறது. குதிகால் வலி காலையில் மட்டும்.

ஜூலை 21

கடைகளில் ஸ்போர்ட்ஸ் பிரா என்று இருப்பது எனக்கு இல்லை. இழுபடும் துணி கனத்தைத் தாங்காது, நடக்க நடக்கத் தோள்பட்டையில் கயிறு மாதிரி பதிகிறது. இழுபடாத பாப்ளினில் இரண்டு மடிப்பு, பட்டை இரண்டு இஞ்ச் அகலம், முதுகில் மட்டும் அகல எலாஸ்டிக், முன்பக்கம் நாலு கொக்கி. முதலில் தைத்தது கைக்குழியில் இடித்தது, அரை இஞ்ச் இறக்கி வெட்டினேன். இப்போது கழுத்து வலி இல்லை. அந்தக் கழுத்து வலி தைப்பதால் வருகிறது என்றே நினைத்திருந்தேன்.

ஜூலை 26

எரிச்சல். எல்லார் மேலும்.

ஜூலை 29

மருந்துக்கடைத் தராசில் ஏறவே இல்லை. எல்லாரும் கேட்கிறார்கள், எத்தனை கிலோ குறைந்தது என்று. தெரியாது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நேற்றும் இன்றும் நிற்கவில்லை, குடம் இடுப்பில் இருந்தது. அதைச் சொன்னால் யாருக்கும் கணக்கில் வருவதில்லை. ரத்தம் எடுப்பது செப்டம்பரில். 6.1 அப்படியே நின்றாலும் பரவாயில்லை என்று ஒரு நாள் தோன்றுகிறது, 6.2 வந்தால் என்ன செய்வேன் என்று ஒரு நாள்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. கோயில் கூட்டத்தில் நடக்க இடமில்லை. வெறுங்காலோடு வா என்று மாமியார் சொன்னார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், கோயில் வாசல் வரை ஷூ, உள்ளே போய்விட்டு வந்ததும் பாதத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் ஷூ. முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் சித்ரான்னம் நிறையச் சாப்பிட்டேன், மொட்டை மாடியில் காற்றில் நடந்தேன், நல்ல நாள்தான்.

ஆகஸ்ட் 6

அனுப்பானடியிலிருந்து நடக்க வரும் ஒரு பாட்டி, "ஏத்தா, ஒனக்குத் தொடை அறுக்கலையா?" என்று காதோரம் கேட்டார். குர்தாவைக் கொஞ்சம் தூக்கி ஷார்ட்ஸைக் காட்டினேன். சுவர் ஓரமாக நிறுத்தி, துணியைப் பிடித்துப் பார்த்து, தையல் எங்கே ஓடுகிறது என்று விரலால் தேடினார். தனக்கும் மருமகளுக்கும் வேண்டுமாம். அவர் கூட வரும் இரண்டு பேரும் கேட்கிறார்கள்.

நாளைக் காலை இஞ்ச் டேப் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நடக்கிற இடத்தில் எப்படித் தொடை அளவெடுப்பது? பாட்டி வீட்டுக்கே போக வேண்டியதுதான். ஒன்றுக்குத் துணி 75, எலாஸ்டிக் 15, நூல். கூலி எவ்வளவு சொல்வது? ஆன்லைனில் 700 என்றாலும் அந்தப் பாட்டி பென்ஷன் வாங்குகிறவர், அவரிடம் 150-க்கு மேல் கேட்க மனசு வரவில்லை, ஆனால் 150 என்றால் எனக்கு நூல் போக அறுபதுகூட மிஞ்சாது.