அளவு மாறியதும் உறங்கிய மீன்பெட்டிகள்

கடலூர்த் துறைமுகத்தை மாதிரியாகக் கொண்டு, பாரந்தூக்கியால் மீன்பெட்டிகளை அடுக்கப் பழக்கும் கணினிப் பயிற்சிச் செயலி ஒன்றைச் சரிசெய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. பெட்டிகள் நூறைத் தாண்டினால் திரை திணறுகிறது என்பது புகார். மூலநிரலைப் பெறுவதற்காகப் பேருந்தேறிப் புதுச்சேரிக்குச் சென்று காத்திருந்தேன். அதை வைத்திருந்த நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளரோ நிரலைத் திறந்துகூடப் பார்க்காமல், விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் போதும் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். செயலியில் இருந்தது பாக்ஸ் 2டி. அது பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடும் இயற்பியல் எஞ்சின்; தன் கணக்கு முழுவதையும் கிராஃபிக்ஸ் கார்டில் அல்ல, கணினியின் மைய அலகான சிபியூவில் செய்வது. அந்த அலைச்சலை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நிரல் பிறகு மின்னஞ்சலில் வந்தது. முன்பு எழுதியவர் ஒரு பிக்சலை ஒரு மீட்டராகவே கொடுத்திருந்தார். எரின் காட்டோ உருவாக்கிய அந்த எஞ்சின், நகரும் பொருள்கள் 0.1 முதல் 10 மீட்டர் வரை இருக்கும் என்ற கணக்கில் அமைந்தது. இங்கோ 64 பிக்சல் பெட்டி 64 மீட்டர் கட்டடமாகிவிட்டது. பூமியின் 9.8 ஈர்ப்பில் 600 பிக்சல், அதாவது 600 மீட்டர், விழுவதற்கு 11 விநாடி ஆகும் என்பதால் ஈர்ப்பைப் பலமடங்கு கூட்டியிருந்தார். ஆனால் செயலியில் இருந்த 2.3 பதிப்பில் எந்தப் பொருளும் ஒரு படிக்கு, அதாவது எஞ்சின் ஒருமுறை கணக்கிடும் இடைவெளிக்கு, 2 மீட்டருக்கு மேல் நகராது. விநாடிக்கு 60 படி என்றால் உச்ச வேகம் விநாடிக்கு 120 பிக்சல்தான். அந்த வரம்பைத் தாண்டுவதற்காகப் படிகளை 240 ஆக்கியிருந்தார். வேலை நான்கு மடங்கானது இப்படித்தான்.

அதைவிடப் பெரிய கேடு உறக்கநிலையில் இருந்தது. ஒன்றையொன்று தொட்டிருக்கும் பெட்டிகள் அனைத்தும் விநாடிக்கு 0.01 மீட்டருக்கும் குறைந்த வேகத்தில் அரை விநாடி நீடித்தால்தான் எஞ்சின் அவற்றைக் கணக்கிலிருந்து விலக்கும். பிக்சல் உலகில் அந்த வரம்பு 0.01 பிக்சலாகச் சுருங்கிவிட, கூட்டிய ஈர்ப்பில் அதிரும் அடுக்கு அவ்வளவு அமைதியை எட்டவே இல்லை. கண்ணுக்கு அசையாமல் நின்ற பெட்டிகளுக்கும் ஒவ்வொரு படியிலும் கணக்கு நடந்துகொண்டே இருந்தது.

100 பிக்சலுக்கு ஒரு மீட்டர் என்று பலரும் வைப்பார்கள். இங்கே அது பொருந்தாது. பாரந்தூக்கிச் சங்கிலியின் கண்ணி 4 பிக்சல்தான், அது 0.04 மீட்டராகிவிடும். மோதலைத் தேட எஞ்சின் ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் போடும் கற்பனைக் கட்டத்தை எல்லாப் பக்கமும் 0.1 மீட்டர் விரிப்பதால், தொலைவில் உள்ள கண்ணிகளும் மோதக்கூடியவை என்று பட்டியலில் ஏறி, வேகம் மறுபடியும் குறையும். ஆகவே 32 பிக்சலை ஒரு மீட்டராக்கி, ஈர்ப்பை 30 ஆக வைத்து, படிகளை 60க்குக் கொண்டுவந்தேன். விழும் நேரம் 1.1 விநாடி, அடுக்கிய பெட்டிகள் சற்று நேரத்தில் உறங்கின, செயலியைப் பயன்படுத்துவோரிடம் இருந்த பழைய கணினியிலேயே திணறல் நின்றது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதிக்கு அளவில்லை.

நீளத்தை 32ஆல் வகுத்துவிட்டு அடர்த்தியை அப்படியே விட்டால் நிறை 1024 மடங்கு குறையும். மோட்டார் விசைகளைத் திருத்தாவிட்டால் சங்கிலி வெறிபிடித்ததுபோல் சுழலும். பிக்சலும் மீட்டரும் மாறிக்கொள்ளும் இடங்கள், வரையும் இடமும் சுட்டியின் புள்ளியை வாங்கும் இடமும் மட்டுமே. பாக்ஸ் 2டியின் 3ஆம் பதிப்பைப் பயன்படுத்துவோர் நீள அலகை எஞ்சினிடமே சொல்லலாம். பொருள்கள் இயங்கும் உலகை எஞ்சினில் உருவாக்கும் முன்பே, தொடக்கத்தில் ஒரே முறை சொல்லிவிட வேண்டும்.