கம்பு, சாமை: ஒரு கத்திரிக் காலம்

ஏப்ரல் 29, 2024, மதுரை

என் வளர்ப்பு எலிகள் கம்பு, சாமை இருவரின் கூண்டை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து உள்ளறைச் சுவரோரம் வைத்தாயிற்று. எலிக்கு வியர்க்காது. நாயைப்போல நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கவும் முடியாது. உடம்புச் சூட்டை வெளியே தள்ள அதற்கு இருக்கும் முக்கியமான வழி அந்த முடியில்லாத வால்தான். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும் உயிர், மதுரை வெயிலுக்கு என்ன செய்யும்? சாமை மதியம் முழுக்க வயிறு தரையில் பட நீட்டிப் படுத்திருந்தாள். வாலைத் தொட்டால் சுடுகிறது. கம்பு பரவாயில்லை.

மே 5

கத்திரி பிறந்துவிட்டது. விளிம்பு உடைந்த மண்சட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கூண்டுக்குள் கவிழ்த்து வைத்தேன். உடைந்த இடமே வாசல். ஈரம் காயக் காய உள்ளே குளிர்கிறது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சட்டிக்குள் போய்விட்டார்கள். பக்கத்தில் துணி சுற்றிய ஐஸ் பாட்டில். ஃபேன் காற்று நேராக அடிக்காமல் திருப்பிவிட்டேன்.

தண்ணீர் பாட்டில் முனையில் இருக்கும் குண்டு சிக்கிக்கொண்டால், பாட்டில் நிறைய நீர் இருந்தும் எலிக்குச் சொட்டுக்கூடக் கிடைக்காது. காலையும் மாலையும் விரலால் தட்டிப் பார்க்கிறேன். ஒரு கிண்ணத்திலும் தண்ணீர் வைத்திருக்கிறேன்.

மே 10

வெயிலில் மூத்திர வாடை சீக்கிரம் ஏறுகிறது. நமக்கு அது வெறும் நாற்றம். தரையோடு மூக்கை வைத்து வாழும் எலிக்கு அந்த அம்மோனியா நேராக நுரையீரலைத் தாக்கும். கடையில் கொடுக்கும் மரத்தூள் எந்த மரத்தினுடையது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. பைன், தேவதாரு மாதிரி வாசனை மரங்களின் தூளும் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. கிழித்த செய்தித்தாள் போதும், தினமும் மாற்றலாம். ஊதுபத்தி, கொசுவத்தி இரண்டும் இனி இந்த அறைக்குள் வராது என்று அம்மா ஒப்புக்கொண்டாள்.

மே 16

"ஐயோ, சாமைக்கு மூக்குல ரத்தம்டி!" என்று அம்மா கத்தினாள். ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறமி அது. நன்றாக இருக்கும் எலி முகம் கழுவும்போதே அதைத் துடைத்துவிடும். உடம்புக்கு முடியாதபோது சுரப்பும் கூடும், துடைக்கத் தெம்பும் இருக்காது. சாமையைத் தூக்கிக் காதருகே வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் 'டிக், டிக்' என்று ஒரு சன்னமான சத்தம். விலாவும் உள்ளே ஒடுங்குகிறது. நாளை விடியட்டும் என்று காத்திருப்பதே கஷ்டமாக இருக்கிறது.

மே 17

டாக்டர் முதலில் எடை பார்த்தார்: 240 கிராம். மைக்கோபிளாஸ்மா என்றார். வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இந்தக் கிருமி ஏற்கனவே இருக்கும். வெயில், அம்மோனியா, பயம் என்று ஏதாவது வாட்டும்போது தலைதூக்கும். அடியோடு ஒழிக்க முடியாது, அடக்கிவைக்கலாம். எடைக்குக் கணக்குப் போட்டு டாக்ஸிசைக்ளின் கொடுத்தார். தயிரில் கலந்துவிடாதீர்கள், கால்சியம் அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது என்றார். மசித்த வாழைப்பழத்தில் கொடுத்தேன், நக்கிவிட்டாள்.

கம்புவைப் பிரித்து வைக்கவில்லை. ஒரே கூண்டில் வளர்ந்தவர்கள், கிருமி அவளுக்குள்ளும் இருக்கும். தனியாக விட்டால் சாமை இன்னும் சோர்ந்துபோவாள்.

மே 21

சாமை அவித்த கொண்டைக்கடலையை இரண்டு கையாலும் பிடித்து, உருட்டி உருட்டித் தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பருப்பை மட்டும் தின்றாள்! அப்புறம் என் மடியில் படுத்துப் பல்லை நறநறவென்று அரைத்தாள். பயந்தாலும் எலி பல்லை அரைக்கும், ஆனால் இது சுகத்தில் வருவது. உடம்பு தளர்ந்து கிடந்தது. தாடைத் தசை கண்ணுக்குப் பின்னால் ஓடுவதால், அரைக்கும்போது கண்முழிகளும் சேர்ந்து துடித்தன.

ஜூன் 1

சாமையின் மூச்சில் இப்போது அந்த 'டிக், டிக்' சத்தம் இல்லை. எடையும் ஏறியிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன், "அக்கா, எனக்கும் ஒண்ணு வேணும்" என்றான். ஒன்று கூடாது, இரண்டு. அதுவும் இரண்டும் பெண், இல்லை இரண்டும் ஆண் என்றேன். ஐந்து வாரத்திலேயே குட்டி போடும் பருவம் வந்துவிடும், சினைக்காலம் 21 முதல் 23 நாள்தான். இரண்டு மூன்று வருஷம்தான் இருக்கும் என்பதையும் அவன் அம்மா முன்னாலேயே சொன்னேன். அது தெரிந்துதான் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு நானும் போகிறேன். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் காசு கொடுப்பது.