வீட்டாவுக்கு யூனிட்டி வந்தும் ஏன் விற்கவில்லை?

ஒரு கன்சோல் விற்கவில்லை என்றால் அதற்கு விளையாட்டுகள் போதவில்லை என்பார்கள். சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டா விஷயத்தில் நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் வீட்டாவில் விளையாட்டுக்குப் பஞ்சமே இல்லை, மெமரி கார்டில் இடத்துக்குத்தான் பஞ்சம்.

நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள், வேலை மென்பொருள் சோதனை. 2023-இல் மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போனபோது பழைய வீட்டா ஒன்றை வாங்கினேன். லோட்ஷெட்டிங் அட்டவணையைப் பார்த்துச் சமைத்து, அட்டவணையைப் பார்த்துத் துவைத்த காலம் அது. இருட்டில் கையில் வைத்து விளையாட அதன் ஓஎல்இடி திரை இன்றைக்கும் அழகு. அதைப் பார்த்துவிட்டுத்தான் என் கணவரின் அண்ணன் மகன் கேட்டான். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிப் பையன், இந்த வருஷம் மெட்ரிக் (இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு). படிக்க வேண்டிய நேரத்தில் கோடோ எஞ்சின் என்ற மென்பொருளில் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறான் (அவன் அம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்).

"ஆன்ட்டி, இதுக்குத்தான் யூனிட்டி இருந்துச்சே, கேம்மேக்கரும் இருந்துச்சே. யார் வேணும்னாலும் கேம் செஞ்சிருக்கலாம். அப்புறம் ஏன் விக்கல?"

நல்ல கேள்வி. யூனிட்டியும் கேம்மேக்கரும் கோடோ மாதிரியே விளையாட்டு செய்ய உதவும் எஞ்சின்கள். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வீட்டா ஜப்பானில் 2011 டிசம்பரில் வந்தது, மற்ற நாடுகளுக்கு 2012 பிப்ரவரியில். அதற்குச் சில மாதம் முன்பே, 2011 ஆகஸ்டில், போட்டி நிறுவனமான நின்டெண்டோ தன் கையடக்கக் கருவியான 3டிஎஸ் விலையை அமெரிக்காவில் 250 டாலரிலிருந்து 170 டாலருக்கு இறக்கிவிட்டது. வீட்டாவின் விலை 250. அது போதாதென்று சோனி தனக்கென்று ஒரு மெமரி கார்டைச் செய்து, அமெரிக்காவில் 32 ஜிபிக்கு 100 டாலர் வைத்தது. எந்தப் பையன் அம்மாவிடம் போய் இதைக் கேட்பான்?

பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கியதும் சோனி சின்ன ஆட்கள் பக்கம் திரும்பியது. 2012 கடைசியில் பிளேஸ்டேஷன் மொபைல் என்ற திட்டம் வந்தது. சி ஷார்ப் நிரல்மொழி தெரிந்தால் போதும், ஆண்டுக்கு 99 டாலர் கட்டி வீட்டாவுக்கு எழுதலாம். அடுத்த ஆண்டு அந்தக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். 2013-இல் யூனிட்டியோடு ஒப்பந்தம், கேம்மேக்கரோடும் ஏற்பாடு. பிளேஸ்டேஷன் மொபைல் 2015-இல் மூடப்பட்டது, அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. யூனிட்டி அதன்பிறகும் சில ஆண்டு தங்கியது.

இங்கேதான் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். எஞ்சின் இருந்தால் பட்டனை அழுத்தியதும் விளையாட்டு வந்துவிடாது. வீட்டாவில் 512 எம்பி நினைவகம், அதற்கு மேல் படங்களுக்கென்று 128 எம்பி. பிசியில் தாராளமாகச் செய்த யூனிட்டி விளையாட்டை அதற்குள் அடக்கப் படங்களைச் சுருக்க வேண்டும், தேவையில்லாத ஆப்ஜெக்ட்டுகளைக் களைய வேண்டும். சின்னத் திரையில் படிக்க எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். பயன்பாடு முடிந்த நினைவகத்தை யூனிட்டி திரும்ப எடுக்கும்போது விளையாட்டே ஒரு கணம் நின்றுவிடும். பிசியில் அது கண்ணுக்கே தெரியாது. வீட்டாவின் வேகம் குறைந்த சிப்பில், குதிக்க வேண்டிய நேரத்தில் நின்று, ஆள் பள்ளத்தில் விழுவான். என் வேலையே இந்த மாதிரித் தடங்கலைப் பிடிப்பதுதான் என்பதால், வீட்டாவில் சில யூனிட்டி விளையாட்டுகளை ஆடும்போது யாரோ சோதிக்காமல் அனுப்பியிருக்கிறார்கள் என்று கோபம் வரும். லோடிங் திரையில் டீ போட்டுக் குடிக்கலாம்.

இது கூடப் பரவாயில்லை. சிரமப்பட்டு வீட்டாவுக்கு நன்றாகவே மாற்றிக் கொடுத்தார்கள் என்றே வைப்போம். அதே விளையாட்டு பிசி விளையாட்டுகளின் இணையக் கடையான ஸ்டீமில் இருக்கும், பிளேஸ்டேஷன் 4-இல் இருக்கும், போனில் இருக்கும். எஞ்சின் வீட்டாவுக்குக் கதவைத் திறந்தபோது எல்லாக் கதவையும் சேர்த்தேதான் திறந்தது. நின்டெண்டோவிடம் மரியோவும் போக்கிமானும் இருந்தன, வேறெங்கும் கிடைக்காது, அதற்காக 3டிஎஸ் வாங்கினார்கள். எங்கும் கிடைப்பதற்காக யாரும் புதுக் கருவி வாங்க மாட்டார்கள்.

நம் தென்னாப்பிரிக்காவையே பாருங்கள். கேப் டவுனின் க்யூசிஎஃப் டிசைன் 'டெஸ்க்டாப் டஞ்சன்ஸ்' விளையாட்டை முதலில் கேம்மேக்கரில் செய்தது, அப்புறம் யூனிட்டிக்கு மாற்றியது. அது பிசிக்கும் டேப்லெட்டுக்கும் போனது. ஜொஹானஸ்பர்க்கின் ந்யாமகோப் குழு யூனிட்டியில் செய்த 'செம்ப்ளன்ஸ்' 2018-இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் வந்தது. ஆப்பிரிக்காவில் உருவாகி ஸ்விட்சுக்குப் போன முதல் சொந்தப் படைப்பு என்று அதைக் கொண்டாடினோம். கேப் டவுன் ஃப்ரீ லைவ்ஸின் 'ப்ரோஃபோர்ஸ்' விளையாட்டும் யூனிட்டிதான், அதே ஆண்டு அதுவும் ஸ்விட்சுக்குப் போனது. எஞ்சின் அதுவேதான். ஆட்கள் ஏற்கெனவே ஸ்விட்ச் வாங்கியிருந்தார்கள், வித்தியாசம் அவ்வளவே. எளிய எஞ்சின் கூட்டத்தைப் பெருக்கும், உருவாக்காது. மல்லிகைச் செடிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் காய்ந்த குச்சிக்கு ஊற்றினால் பூக்குமா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டா சாகாமல் இழுத்துக்கொண்டிருந்ததற்குக் காரணமும் இந்த எஞ்சின்களே. கேம்மேக்கரில் செய்த 'அண்டர்டேல்' 2017-இல் வீட்டாவுக்கு வந்தது. மேற்கத்தியப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காத காலம் அது. 2019-இல் ஜப்பானில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். 2021-இல் அதன் இணையக் கடையையும் மூடப் போவதாக அறிவித்து, ரசிகர்கள் போட்ட சத்தத்தில் சில வாரத்திலேயே பின்வாங்கினார்கள். விற்பனையில் தோற்ற கருவிக்கு அப்படிச் சத்தம் போட ஆள் இருந்ததே பெரிய விஷயம். அந்த ஆட்களைச் சேர்த்ததில் சின்ன விளையாட்டுகளுக்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

பையன் விடவில்லை. "அப்போ நான் செய்யற கேமை இதுல போட முடியாதா?"

முறைப்படி முடியாது. கோடோ திறந்த மூலம், அதாவது நிரல் முழுதும் எல்லாருக்கும் பொது; கன்சோல் நிறுவனங்களின் கருவித்தொகுப்போ ரகசிய ஒப்பந்தத்துக்குள் இருப்பது. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் பகிரங்கமாகக் கொடுக்க வழியில்லை. வீட்டாவைப் பொறுத்தவரை 2016-இல் சோனி போட்ட பூட்டைத் திறக்கும் ஹென்காகு வந்தபிறகு, ஆர்வலர்கள் உருவாக்கிய வீட்டா எஸ்டிகே என்ற கருவித்தொகுப்பு இருக்கிறது, லுவா மொழியில் எழுதவும் வழி இருக்கிறது. காசு வராது, தன் கருவியில் தன் விளையாட்டு ஓடும்.

முதலில் பிசியில் முடி, படங்களைச் சின்னதாக வை, மெட்ரிக் தேர்வு முடிந்தபிறகு வீட்டாவைப் பார்க்கலாம் என்றேன். முதல் இரண்டுக்கும் சரி என்றான். மூன்றாவதைக் காதில் வாங்கினமாதிரி தெரியவில்லை. கையில் லுவா கையேட்டோடு என் வீட்டாவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.