டிப் டீயும் தாமிரபரணித் தண்ணியும்

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுகளில் 25 பை அடங்கிய டீ பெட்டி ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. கண்ணில் பட்ட பெட்டிகளை எல்லாம் வாங்கிவந்து, அடுத்தடுத்து வைத்துக் குடித்துப் பார்த்து நோட்டில் குறித்து வருகிறேன். டீத்தூள் என்றால் எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. நூலைப் பிடித்து வெந்நீரில் முக்கி எடுக்கிற இந்தப் பை டீயை, டிப் டீயை மட்டும் ஒருத்தரும் மதிப்பதில்லை. ரயிலிலும் ஆஸ்பத்திரியிலும் வேறு வழியில்லாமல் குடிக்கிற சாமான் என்றே வைத்திருக்கிறார்கள். அப்படி ஒதுக்கித் தள்ள வேண்டிய பொருள் அது இல்லை என்பது என் கட்சி.

முதலில் பெட்டியின் கணக்கு. ஒரு பைக்குள் இருப்பது ஏறக்குறைய 2 கிராம். சில பெட்டியில் 1.9 என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். நூறு பை பெட்டியாக வாங்கினால் ஒரு பை ஒன்றரை ரூபாய்க்கு வருகிறது. அப்படியென்றால் தேயிலை கிலோ எழுநூற்றைம்பது ரூபாய். சாதாரண டீத்தூளை விட இது கூடுதல்தான். காகிதத்துக்கும் நூலுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். அதனால் அந்த விலைக்கு அது என்ன தருகிறது என்று பார்ப்பது நியாயமான கேள்வி.

பையைக் கத்தரித்துக் கொட்டிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் சி.டி.சி. தேயிலைதான். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுக்கிற அந்த மிஷின் முறை 1930-களில் அசாமில் வந்தது. உருண்டை உருண்டையாக வருகிறதில் பெரிய குருணை டப்பாவுக்கும் பாக்கெட்டுக்கும் போகும். பொடிக் குருணைதான் பைக்கு. பொடி என்பதால் மட்டம் என்று அர்த்தமில்லை. சிறிய குருணையில் தண்ணீர் சீக்கிரம் ஏறும், சாறும் சீக்கிரம் இறங்கும். பைக்கு வேண்டியது அதுதான். சாயம் கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக ஒன்று செய்து பார்த்தேன். வடிதாளில் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் கழித்துக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சாயம் சேர்த்த தூள் என்றால் உடனே திட்டுத் திட்டாகக் கறை தெரியும். நான் வாங்கிய எதிலும் கறை இல்லை.

ருசி பார்க்க ஐ.எஸ்.ஓ. 3103 என்று சர்வதேசத் தர அமைப்பின் முறை ஒன்று இருக்கிறது, 1980-ல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிக்கிற தண்ணீர், மூடி வைத்து ஆறு நிமிஷம். அது ஆசையாய்க் குடிப்பதற்கான டீ இல்லை. தேயிலையின் குறை நிறை பளிச்சென்று தெரிய வேண்டும் என்றே கடுமையாக இறக்குவது. புதுப் பெட்டி வந்தால் முதல் தடவை இந்த முறையில்தான் போடுகிறேன். அப்புறம் வீட்டு டம்ளர் அளவில், 150 மில்லிக்கு ஒரு பை, நாலு நிமிஷம், மேலே ஒரு தட்டு. பெயர் தெரிந்தால் நாக்கு அந்தப் பெயருக்குச் சாயும் என்பதால் நூலில் தொங்குகிற சீட்டை மைனி (அண்ணி) வெட்டி எடுத்துவிட்டு, டம்ளருக்கு அடியில் நம்பர் ஒட்டி வைத்துவிடுவார்கள். கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் மணம் மூக்குக்குப் பின்பக்கமாக ஏறும். நனைந்த பையையும் பிழிந்து மோந்து பார்ப்பது உண்டு. பெட்டி ரொம்ப நாள் அலமாரியில் கிடந்ததா என்பதை அந்த ஈரப் பைதான் காட்டிக் கொடுக்கிறது.

தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு கடையில் ஊதுபத்தி அடுக்குக்குக் கீழே இருந்த பெட்டியை வாங்கி வந்தேன். ஈரப் பையில் சந்தன வாசனையும் டீ வாசனையும் கலந்து அடித்தது. அதே கம்பெனிப் பெட்டியை வேறு கடையில் வாங்கியபோது அந்த வாசனை துளியும் இல்லை. ஒவ்வொரு பைக்கும் தனி உறை போட்ட பெட்டிக்கு நான் நாலு ரூபாய் கூடக் கொடுக்கத் தயாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தேயிலையை விட என்னைக் கட்டிப்போட்டது தண்ணீர்தான்.

எங்கள் வீட்டில் மூன்று தண்ணீர் உண்டு. மாநகராட்சிக் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர், கொல்லைப்புற போர் தண்ணீர், கடையில் வாங்குகிற கேன் தண்ணீர். ஒரே பெட்டியில் மூன்று பை எடுத்து மூன்றிலும் போட்டேன். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் கேன் ஐம்பதுக்குக் கீழே, குழாய் நூறைச் சுற்றி, போர் ஆயிரத்தைத் தாண்டி. டம்ளரில் தெரிந்த வித்தியாசம் அதைவிடப் பெரிசு. போர் தண்ணீர் டீ கறுத்துப் போய், செம்மை என்பதே இல்லாமல் நின்றது. ஆற ஆற மேலே மங்கலான ஏடு ஒன்று படிந்தது. டம்ளரை லேசாகச் சாய்த்தால் அந்த ஏடு கோடையில் வெடித்த குளத்துச் சேறு மாதிரி கட்டம் கட்டமாகப் பிளந்தது. கரண்டியால் ஒதுக்கினால் விளிம்பில் வளையமாக ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் இருக்கிற கால்சியம், பைகார்பனேட்டு உப்புகளும் தேயிலையின் துவர்ப்புச் சத்தும் காற்றுப்பட்டு ஒன்று சேர்வதால் வருகிற ஏடு அது. அதே டம்ளரில் எலுமிச்சை ரெண்டு சொட்டு விட்டேன். கறுப்பு இறங்கி, பார்க்கப் பார்க்கச் செம்மை வந்தது. புளிப்பு விழுந்ததும் நிறம் வெளுப்பது தேயிலையின் குணம்.

ஆற்றுத் தண்ணீர் டீ செம்பு நிறத்தில், விளிம்பில் பொன் கோடு தெரிய இருந்தது. நாக்கில் சுருக்கென்று பிடித்து, உடனே விட்டது. கேன் தண்ணீர் டீ பார்க்க இன்னும் பளபளப்பு, ஆனால் ருசி நுனி நாக்கோடு நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஒன்றும் சொல்லாமல் குழாய்த் தண்ணீர் டீ, போர் தண்ணீர் டீ ரெண்டையும் கொடுத்தேன். குழாய்த் தண்ணீர் டம்ளரைக் காட்டி ஆச்சி சொன்னார்கள்:

"ஏளா, இதக் குடிச்சாத்தான் டீ குடிச்ச மாதிரி இருக்கு. அது வெறும் கலர் தண்ணில்லா? மட்டமான பொட்டியப் போயி வாங்கியிருக்கியே."

"ரெண்டும் ஒரே பொட்டிதான் ஆச்சி. தண்ணிதான் வேற."

"அப்படிச் சொல்லு. ஆத்துத் தண்ணிக்கு எது ஈடாவும்?"

இதற்கு அப்புறம் பழைய குறிப்புகளை எல்லாம் தண்ணீர்வாரியாகப் பிரித்து எழுதினேன். போர் தண்ணீரில் நல்ல பெயர் வாங்கியது கடுமையான அசாம் வகைக் கலவை. அது எதையும் தாங்குகிறது. மணத்தை நம்பி விற்கிற மென்மையான பெட்டிகள் அதே தண்ணீரில் செத்துப்போகின்றன. குழாய்த் தண்ணீரில் வரிசை அப்படியே மாறியது. போர் தண்ணீரில் கடைசியில் கிடந்த ஒரு பெட்டி இங்கே இரண்டாவது இடத்துக்கு வந்தது. ஆகவே 'இந்த டீ நன்றாக இல்லை' என்று ஒருவர் சொன்னால், எந்தத் தண்ணீரில் போட்டார்கள் என்று கேட்காமல் நான் அதை எடுத்துக்கொள்வதில்லை.

ஆற்றுத் தண்ணீரில் போட்ட திடமான டீயை ஆறவிட்டால் சில நேரம் மொத்தமும் கலங்கிப் போகும். கெட்டுப்போனதாக நினைத்துக் கீழே ஊற்ற வேண்டாம். சூடு இறங்கும்போது கஃபீனும் தேயிலையின் செம்மைச் சத்தும் சேர்ந்து கொடுக்கிற கலங்கல் அது. சூடு பண்ணினால் தெளிந்துவிடும். சாறு நன்றாக இறங்கியதற்கு அடையாளம் என்றே அதை எடுத்துக்கொள்கிறேன். நீலகிரித் தேயிலை ஆறினாலும் தெளிவாக நிற்கும் என்று பெயர் உண்டு. ஐஸ் போட்டுக் குடிக்கிறவர்களுக்கு அது தோது.

பால் விஷயத்துக்கு வருகிறேன். டிப் டீயின் மானத்தை வாங்குவதே சூடான பாலில் பையை முக்கிக் கொடுக்கிற பழக்கம்தான். பாலில் சாறு சரியாக இறங்காது. எத்தனை தடவை முக்கி எடுத்தாலும் வெளிறிப்போன பால்தான் மிஞ்சும். முக்கால் டம்ளர் கொதிநீரில் நாலு நிமிஷம் பையை விட்டு, பையை எடுத்த பிறகு காய்ச்சிய பால் கால் பங்கு. நீல பாக்கெட் ஆவின் போதும். பச்சை பாக்கெட்டில் கொழுப்பு கூடுதல், மெலிந்த டீயை அமுக்கிவிடும். பாய்லர் கடையில் சாயப்பையில் இறக்குகிற டீயோடு இது போட்டி போடாது, போடவும் வேண்டாம். பால் ஊற்றினாலும் நிற்கிறவற்றில் ரெட் லேபிள் பை நன்றாக இருக்கிறது. பாலில்லாமல், சர்க்கரை இல்லாமல் குடிக்க தாஜ்மஹால் பை; மூணாவது நிமிஷத்தில் எழும்புகிற அந்த மணத்துக்காகவே எடுத்து வைத்திருக்கிறேன். ரொம்ப மலிவான பெட்டி ஒன்று, பெயர் வேண்டாம், நிறம் மட்டும் கொடுத்தது. இன்னொன்று அதைவிடவும் மலிவு, ஆனால் குழாய்த் தண்ணீரில் துவர்ப்பும் திடமும் அளவாக நின்றது. விலையை வைத்து முடிவு கட்ட முடியவில்லை.

இவ்வளவு பெட்டியும் புரட்டிப் பார்க்கிறேன், ஒன்றில்கூட நம்ம மலையின் பெயர் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மணிமுத்தாறுக்கு மேலே தேயிலை மலையே இருக்கிறது. 1929-ல் ஒரு கம்பெனி சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து உண்டாக்கிய தோட்டம். குத்தகை முடிய 2028 ஆகும். ஆனால் 2024-லேயே அந்தக் கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து கிள்ளிய ஜனங்கள் வீட்டை விட்டு இறங்கும்படி ஆயிற்று. தாமிரபரணியும் மணிமுத்தாறும் இறங்கி வருகிற அதே மலைத்தொடர். அந்த இலையை அந்தத் தண்ணீரிலேயே போட்டுக் குடிப்பது எப்பேர்ப்பட்ட பொருத்தம்! முன்னால் அங்கே போய்வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த பொட்டலங்களை அருமை தெரியாமல் குடித்துத் தீர்த்த வீடுகள் இங்கே நிறைய உண்டு.

அடுத்த வேலை, தேறிய ரெண்டு பெட்டியையும் ஊர் ஊராகக் கொண்டு போவது. அம்பாசமுத்திரத்தில் சித்தி வீட்டுக் குழாய், வள்ளியூரில் அக்கா வீட்டுப் போர், மேலப்பாளையத்தில் தெரிந்த வீடு ஒன்று. மீட்டரும் எலுமிச்சையும் பையில் எடுத்து வைத்தாயிற்று. அக்காவிடம் போனில் சொன்னபோது, "தண்ணி மட்டும் போதுமா, பாலும் வாங்கி வைக்கவா?" என்று கேட்டாள். ரெண்டும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.