கண்ணுக்குள்ளே பார்க்கிற கமரா

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் யாராவது என்ன வேலை என்று கேட்டால், கண்ணுக்குள்ளே படம் எடுக்கிற கமரா செய்கிறோம் என்று சொல்லிவிடுவேன். உயிர்மருத்துவப் பொறியியல் என்று வாய் தவறிச் சொன்னால் "அப்ப தம்பி டொக்டரோ?" என்று கேட்டு, பிறஷர் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ போடுவது என்பதில் வந்து நிற்கும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு விழித்திரையின் சின்ன இரத்தக் குழாய்கள் மெல்லக் கசியத் தொடங்கும், பார்வை மங்கும்வரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறையாவது கண்ணைக் காட்டுங்கள் என்று கிளினிக்கில் சொல்வது அதனால்தான். அந்த விழித்திரையைக் கையடக்கமான ஒரு கருவியால் படம் பிடிப்பதுதான் எங்கள் வேலை.

ஒரு லென்ஸ், ஒரு லைட், ஒரு சென்சர், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் கண்ணில் இருப்பது கண்மணி என்ற ஒரே ஓட்டை. வெளிச்சம் உள்ளே போவதும் அதனூடாக, படம் வெளியே வருவதும் அதனூடாக. இதில் முன்னால் இருக்கும் கோர்னியா என்ற தெளிவான படலம் படுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று வீதத்தைத் திருப்பி அடிக்கிறது, விழித்திரையிலிருந்து கமராவுக்கு வந்து சேர்வதோ அதைவிட எவ்வளவோ குறைவு. மத்தியான வெயிலில் பூட்டிய கடையின் கண்ணாடிக்குள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி, தெரிவது நம்முடைய முகம்தான். 1851இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள்ளே பார்க்கும் கருவியைச் செய்து காட்டினார், ஆனால் இந்தப் பிரதிபலிப்புத் தொல்லைக்கு ஒழுங்கான வழி சொன்னவர் 1911இல் நோபல் பரிசு பெற்ற சுவீடன் கண் மருத்துவர் குல்ஸ்ட்ராண்ட். வெளிச்சம் போகிற வழியையும் படம் வருகிற வழியையும் கண்மணியிலேயே பிரித்துவிடு என்றார். இன்றைக்கும் அதைத்தான் செய்கிறோம்: வெளிச்சத்தை வளையமாக ஓரத்தால் அனுப்பி, நடுவால் பார்க்கிறோம்.

வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கிவிடும், அது அடுத்த தலையிடி. அதனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் குறிபார்த்துவிட்டு, கண்மணி சுருங்கத் தொடங்கும் முன்னரே வெள்ளை ஒளியை ஒருதடவை அடித்துப் படத்தை எடுத்துவிட வேண்டும். படம் இருட்டாக வந்தால் லைட்டைக் கூட்டவேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு: முடியாது. விழித்திரையில் எவ்வளவு ஒளி படலாம் என்பதற்கு ஐஎஸ்ஓ 15004-2 என்ற தரத்தில் எல்லை இருக்கிறது.

நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. நம்முடைய ஆட்களின் கண்ணில், விழித்திரைக்குப் பின்னால் மெலனின் அதிகம், அது வெளிச்சத்தைக் குடித்துவிடும். வெள்ளைக்காரக் கண்ணில் அளவு வைத்துவிட்டு வந்த கமரா இங்கே மங்கலான படத்தைத்தான் தரும். இது கண்ணோடு நிற்பதில்லை. விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றர் இருக்கிறதே, 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் அவோயாகி என்ற பொறியியலாளர் யோசித்த அதே விஷயம், கறுத்தத் தோலில் ஒட்சிசன் குறைவதைத் தவறவிடுவது வெள்ளைத் தோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் தரவை வைத்து ஒரு ஆய்வு வந்தது, அதுவும் கொரோனாக் காலத்தில். இதையெல்லாம் கருவி விற்பனைக்கு வந்த பிறகு கண்டுபிடிப்பதில் என்ன நியாயம்? திருமலையில் இருந்து இந்த வேலை செய்வதில் எனக்குள்ள ஒரே வசதி, சோதித்துப் பார்க்க இங்கே சரியான கண்கள் இருக்கின்றன.

வசதியில்லாததும் உண்டு. வாடைக் காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்க்கும். சிலிக்கா ஜெல் பெட்டிதான் துணை. அப்புறம் காகித வேலை. மின்பாதுகாப்புக்கு ஐஇசி 60601, தர நிர்வாகத்துக்கு ஐஎஸ்ஓ 13485 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம், கருவியைவிட அதன் கோப்பு பாரமாக இருக்கும்.

இந்த வேலைக்கு வருவது எப்படி என்று பெடியள் வந்து கேட்டால் எல்லோருக்கும் ஏஐதான் வேண்டும். படமே சரியில்லை என்றால் ஏஐ எதைப் பார்க்கப் போகிறது? விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி என்ற ஸ்கான் 1991இல் வந்தபோது அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவரான எரிக் ஸ்வான்சன், செயற்கைக் கோள்களுக்கிடையே லேசரால் பேசும் வேலையிலிருந்து வந்தவர். ஒளி தெரிந்தவனுக்கு மருத்துவத்தில் இடம் இருக்கிறது. உயிர்மருத்துவப் பொறியியல் என்ற பெயரில் "உயிர்" இருக்கிறதே என்று உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்துவிடாதீர்கள், பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் வேண்டும்.

பிள்ளைக்கு உண்மையில் ஆசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், உடைந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய வெப்கமராவைக் கொடுங்கள். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு அகச்சிவப்பைத் தடுக்கும், அதைக் கழற்றிவிட்டு டிவி ரிமோட்டை அமத்திக் காட்டினால் முனையில் பளிச்சென்று லைட் எரிவது திரையில் தெரியும். நாங்கள் கண்ணைக் குறிபார்ப்பதும் அந்த வகை ஒளியால்தான்.