கோட்டைக்குப் போகுமுன்

நவம்பர் 3, திங்கள்

ஹெச்.எம். ஒருவழியாகச் சரி சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்பைக் கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு ஒரு நாள் களப்பயணம் கூட்டிப்போகிறோம். பிள்ளைகளைக் கேட்டால் ஒகேனக்கல் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பாடத்தில் வரும் நான்கு மைசூர்ப் போர்களில் முதலாவதும் மூன்றாவதும் அந்த மலையடிவரை வந்தவை. காவேரிப்பட்டணத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது.

அவர் குறித்துக் கொடுத்த தேதி வெள்ளிக்கிழமை. அன்று அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வியாழனுக்கு மாற்றியாயிற்று.

நவம்பர் 8, சனி

பி.இ.டி. சாரும் நானும் முன்னாடியே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். மலை ஏற எவ்வளவு நேரம் ஆகும், எங்கே வழுக்கும், தண்ணீர் கிடைக்குமா என்பதெல்லாம் அவர் கவலை. பிள்ளைகளை எந்த இடத்தில் நிறுத்திக் கதை சொல்வது என்பது என் கவலை.

மலை உச்சியில் நிறுத்திச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். பழையபேட்டைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்ததும் எண்ணம் மாறிவிட்டது. மலையடியில் இருக்கும் அந்தப் பேட்டைக்கு நேர் மேலே மொட்டைப் பாறை. கட்டிய மதில் கொஞ்சம்தான். பாறைக்கும் பாறைக்கும் இடையே இருந்த இடைவெளியை மட்டும் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். மீதி வேலையை மலையே பார்த்துக்கொள்கிறது.

1791 நவம்பரில், கோட்டை திப்பு சுல்தான் கையில் இருந்தபோது, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் மாக்ஸ்வெல் படையோடு ராத்திரியில் வந்து முதலில் பிடித்தது இந்தப் பேட்டையைத்தான். இங்கிருந்தவர்கள் கோட்டைக்கு ஓட, அவர்களோடு சேர்ந்து வாசலுக்குள் நுழைந்துவிடலாம் என்று சிப்பாய்கள் பின்னாலேயே ஏறினார்கள். வாசல்வரை போயும் கதவு திறக்கவில்லை. ஏணி வந்து சேரத் தாமதமானது. அதற்குள் மேலே இருந்தவர்கள் சுதாரித்துக்கொண்டு பாறாங்கற்களை உருட்டிவிட்டார்கள். ஏணிகள் நொறுங்கின, ஆட்கள் விழுந்தார்கள். இரண்டு மணி நேரம் போராடிவிட்டு மாக்ஸ்வெல் படையைத் திருப்பிக்கொண்டார். போகிற போக்கில் பேட்டைக்குத் தீ வைத்தார்கள்.

இதைக் கீழே நின்று கேட்டால்தான் உறைக்கும். உச்சியில் ஊரும் அணையும் அழகாகத் தெரியும். பிள்ளைகள் செல்ஃபி எடுக்கப் போய்விடுவார்கள்.

முந்தின நாள் மழையில் படி ஈரமாக இருந்தது. பாதி மலைவரை மட்டும் ஏறினால் போதும் என்கிறார் சார். குரங்குகளும் இருக்கின்றன, கையில் தின்பண்டம் கூடாது.

நவம்பர் 12, புதன்

வகுப்பில் சொல்ல ஆரம்பித்ததுமே ஒருத்தி கேட்டாள்: “கடைசியில யாரு டீச்சர் ஜெயிச்சாங்க?”

கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 1767-ல் கம்பெனிப் படை ஏறிப்பார்த்தது, முடியவில்லை. மலையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு உள்ளே எதுவும் போகாமல் தடுத்தது. 1768 மே மாதம் கோட்டை பணிந்தது. 1769-ல் கம்பெனியும் மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகும் பாராமகால், அதாவது கிருஷ்ணகிரியைச் சேர்த்த இந்தப் பகுதி, ஹைதர் கையில்தான். 1791-ல் மாக்ஸ்வெல் தோற்றுத் திரும்பினார். நாலு மாதத்தில், 1792 மார்ச்சில், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாராமகாலை விட்டுக்கொடுக்க, அந்தப் படியில் ஒருத்தரும் சண்டை போட்டு ஏறாமலே கோட்டை கம்பெனிக்குப் போனது.

“அப்போ சண்டையில கோட்டை தோக்கவே இல்லையே!” என்றான் கடைசி பெஞ்சுப் பையன். பாடப்புத்தகத்தில் இந்தக் கோணம் இல்லை. இருந்திருக்கலாம்.

காவேரிப்பட்டணத்திலும் சண்டை நடந்தது என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. 1767 ஆகஸ்டில் ஹைதர் வந்து அங்கிருந்த கோட்டையைப் பிடித்தார். அதற்கு முன்னால் அவர் குதிரைப்படை செய்த முதல் காரியம், கம்பெனியின் கர்னல் ஸ்மித் படைக்குச் சொந்தமான மேய்ச்சல் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனது. மாடு போனால் வண்டி இல்லை; வண்டி இல்லாமல் பீரங்கியும் அரிசியும் நகராது. பாதிப் பேர் வீட்டில் மாடு இருக்கிறது. இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

திட்டத்தில் ஒரு மாற்றம். கோட்டைக்கு முன்னால் அருங்காட்சியகம். அங்கே நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை கவரப் போயும், கவர்ந்ததை மீட்கப் போயும் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் ஏராளம். கையில் வில்லோ வாளோ, உடம்பில் தைத்த அம்பு, சிலவற்றில் காலடியில் மாடு. அதைப் பார்த்துவிட்டு மலையடிக்குப் போனால் ஸ்மித்தின் மாடுகளை யாராவது ஒரு பிள்ளை தானாகவே நினைக்கும். நினைக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.

பேசி வைத்திருந்த வேன்காரர் கடைசி நேரத்தில் வாடகையை ஏற்றிவிட்டார். வேறு பஸ் பார்த்தாயிற்று.

நவம்பர் 24, திங்கள்

வினாத்தாள் கொடுக்கலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். வேண்டாம். குழுவுக்கு ஒரு வேலை: ஒரு குழு ஏணி எங்கே சாத்துவது என்று பார்க்கட்டும், ஒரு குழு கல்லை எங்கிருந்து உருட்டுவது என்று. மூன்றாவது குழு மேலே இருப்பவர்களுக்கு மாதக்கணக்கில் தண்ணீரும் தானியமும் எப்படி என்று யோசிக்கட்டும். அதுதான் கஷ்டமான வேலை, வாயாடிகளை அதில் போட்டிருக்கிறேன்.

ஒப்புதல் கடிதங்கள் ஏறக்குறைய வந்துவிட்டன. ஒரு அம்மா நேரிலேயே வந்து, “பொண்ணை மலை ஏத்தறீங்களா டீச்சர்? அதுக்குத் தலைசுத்தும்ங்க” என்றார். கீழேயே உட்கார்ந்து வரைபடம் போடச் சொல்கிறேன் என்றதும் கையெழுத்துப் போட்டார்.

ஒரு கடிதத்தின் பின்பக்கம் பேரனின் கையெழுத்தில் தாத்தா சொல்லி எழுதியது: சின்ன வயசில் அந்த மலைப் பக்கம் ஆடு மேய்த்திருக்கிறேன், சுனை எங்கே என்று தெரியும், நானும் வரலாமா? பஸ்ஸில் ஒரு சீட் மிச்சம் இருக்கிறது. நாளைக்கு ஹெச்.எம்.மிடம் கேட்க வேண்டும்.